அற்புதசாமி சார் பேசாத பதினாலு நாள்

காட்டூரில் எங்கள் தெருவுக்குப் பால் வருவதற்கு முன்பே அற்புதசாமி சாரின் குரல் வந்துவிடும். ஐந்தே முக்காலுக்கு ஸ்கூட்டரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டே போனில் ஆரம்பிப்பார்.

"கனிஷ்கா! எந்திரிச்சாச்சா? எந்திரிச்சவ ஏன் படுத்துக்கிட்டே பேசுற? கிரவுண்டுக்கு வா. வயிறு வலின்னா வயித்தையும் கூட்டிக்கிட்டு வா!"

போனே இல்லாமல் பேசினாலும் அந்தப் பெண்ணுக்குக் கேட்டிருக்கும். அவள் விடுதி அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர்.

சாருக்குச் சொந்த ஊர் பொன்மலை. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். கோயில் மைதானத்தில் பாதிரியார் ஒருவர் நட்டுவைத்த கூடைப்பந்துக் கம்பத்தில் பந்து போட்டுப் பழகி, மாவட்ட அணிவரை ஆடி, இருபத்தெட்டு வயதில் டவுனில் ஒரு மகளிர் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்தார். சேர்ந்த வருடம் அவருடைய அணி முதல் ஆட்டத்தில் எழுபத்தொன்றுக்கு நான்கு என்று தோற்றது. அந்த நான்கில் இரண்டு, எதிரணிப் பெண் ஒருத்தி குழம்பிப்போய்த் தன் அணிக் கூடையிலேயே போட்டுக்கொண்டது.

அதே அணியை வைத்துக்கொண்டுதான் இருபத்தாறு வருடத்தில் பத்தொன்பது முறை பல்கலைக்கழகக் கோப்பையை வாங்கினார். அவரிடம் ஆடிய பெண்கள் ரயில்வேயில் இருக்கிறார்கள், போலீஸில் இருக்கிறார்கள், ஒருத்தி விமான நிலையத்தில் சுங்க அதிகாரியாக இருக்கிறாள். முதல் வருடம் கல்லூரியில் விசில் வாங்கிக் கொடுக்கவில்லை என்பதால் வாயாலேயே கத்தத் தொடங்கினார். பிறகு கொடுத்தார்கள். அதைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டார்.

அவர் மனைவி ரோசரி அதற்கு நேர் எதிர். திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையின் கேன்டீனில் சூப்பர்வைசர். தினமும் ஆயிரத்து இருநூறு பேருக்கு மதியச் சாப்பாடு. எட்டு அண்டா, பதினாறு பெண்கள், ஒரே சங்கு. சங்கு ஊதிப் பதினைந்து நிமிடத்தில் வரிசை நகர்ந்திருக்க வேண்டும். அங்கே அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் அவள் கணவனின் அணி ஆடி ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.

அந்த மாசி மாதத்தில் சாருக்குக் குரல் கட்டியது. மிளகு ரசம் குடித்தார், சித்தரத்தை மென்றார், கத்துவதை மட்டும் விடவில்லை. ஒரு புதன்கிழமை காலை வாசலில் "கனி" என்பது வரைக்கும் வந்தது. "ஷ்கா" வரவில்லை. காற்றுதான் வந்தது. எங்கள் தெருவில் நாலு வீட்டுக் கதவு திறந்தது, என்ன ஆச்சோ என்று.

புத்தூரில் காது மூக்குத் தொண்டை டாக்டர் சாரா பீவியிடம் ரோசரி அழைத்துக்கொண்டு போனாள். டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, திரையில் காட்டினார்.

"குரல் நாண்ல ரெண்டு பக்கமும் காய்ப்புக் காய்ச்சிருக்கு பாருங்க. புதுச் செருப்பு கடிச்சா கால்ல வருதுல்ல, அந்த மாதிரி. என்ன வேலை பாக்குறீங்க சார்?"

சார் வாயைத் திறந்தார். உஸ் என்றது.

"கத்துற வேலைங்க டாக்டர்" என்றாள் ரோசரி.

"அப்ப லீவு போடச் சொல்லுங்க. பதினாலு நாளைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் மோசம். பேசினா ஆபரேஷன்தான். அதுக்கப்புறம் வர்ற குரல் இதே குரலா இருக்கும்னு நான் எழுதித் தர மாட்டேன்மா."

சார் பத்து விரலைக் காட்டி, பிறகு இரண்டு விரலைக் காட்டி, கூடையில் பந்து போடுவது போல எம்பினார்.

"பன்னெண்டாம் நாள் ஃபைனல் இருக்குங்கிறாரு" என்றாள் ரோசரி.

"தாராளமாப் போகட்டும். வாயை வீட்ல வச்சுட்டுப் போகட்டும்."

திரும்பும் வழியில் சின்னக்கடைத் தெருவில் குழந்தைகள் எழுதும் சிலேட்டு ஒன்று வாங்கினாள். குச்சியால் எழுதி ஒரு பொத்தானை அமுக்கினால் மொத்தமும் அழிந்துபோகிற பச்சை நிறச் சிலேட்டு. மேலே ஒரு கரடி பொம்மை இருந்தது. சார் கரடியைப் பார்த்தார்.

"கரடி இல்லாதது வேணும்னா அம்பது ரூவா கூட" என்றாள் ரோசரி. "பதினாலு நாளைக்குக் கரடி போதும்."

முதல் ஐந்து நாள் வீடு பட்ட பாடு கொஞ்சமில்லை. காபி வேண்டுமென்றால் சார் கையைத் தட்டினார். "இது பஸ் ஸ்டாண்டு ஹோட்டல் இல்லைங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. காரம் கூடாது என்று டாக்டர் சொன்னதால் காலையில் கஞ்சி, மதியம் பருப்புச் சாதம், இரவு மறுபடியும் கஞ்சி. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் கறி வேகிற வாசனை வந்தபோது, சார் சிலேட்டில் ஏதோ எழுதி மூன்று முறை கோடு போட்டுக் காட்டினார். ரோசரி படித்துவிட்டுப் பொத்தானை அமுக்கினாள்.

மைதானத்தில் நிலைமை இன்னும் மோசம். துணைப் பயிற்சியாளர் பிரவீன்ராஜ் ஆறு வருடமாக அங்கே இருக்கிறான். தங்கமான பையன். ஆட்டத்தின் நடுவே அணி கூடிப் பேசுகிற அந்த ஒரு நிமிட டைம் அவுட்டில் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. தண்ணீர் பாட்டிலை வரிசையாக நீட்டுவான். இப்போது சார் எழுதிக் காட்டுவதைப் படித்துச் சொல்லும் பொறுப்பு அவனுக்கு வந்தது. சாரின் கையெழுத்தோ, எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்துபோன மாதிரி இருக்கும்.

திங்கட்கிழமை சார் எழுதிக் காட்டினார். பிரவீன்ராஜ் சிலேட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, பெண்களைப் பார்த்து, "சோறு போடச் சொல்றாரு" என்றான்.

பன்னிரண்டு பேரும் பந்தைப் போட்டுவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். சார் தலையில் அடித்துக்கொண்டார். அவர் எழுதியது 'ஜோன் போடு'. ஆளுக்கு ஒரு ஆளைப் பிடிக்காமல் ஆளுக்கு ஒரு இடத்தைக் காக்கிற தடுப்பாட்டம் அது.

அணித் தலைவி கனிஷ்காதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். "வீட்ல சாமான் லிஸ்ட்டு சார்தானே எழுதுவீங்க? அதை யாரு படிப்பா?"

அன்றிலிருந்து சிலேட்டைப் போட்டோ எடுத்து ரோசரியின் போனுக்கு அனுப்புவார்கள். ரோசரி கேன்டீனில் நின்றபடி படித்து, குரல் பதிவாகத் திருப்பி அனுப்புவாள். பெண்கள் போனைச் சுற்றி நின்று கேட்பார்கள்.

"'பாஸ் பண்ணிட்டு நின்னு வேடிக்கை பாக்காதே, ஓடு'ன்னு எழுதியிருக்காரும்மா. அடுத்தது 'ஜோன் போடு.' ஏ அற்புதம்மா, எண்ணெய் காஞ்சிருச்சு பாரு, அப்பளத்தைப் போடு!"

கடைசி வாக்கியம் கேன்டீனில் அடுப்படியில் நின்றவளுக்கு. பெண்கள் சிரித்துச் சிரித்து மைதானத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த அணியில் ஜோனுக்குப் பெயர் அப்பளம் என்று ஆகிவிட்டது.

இரண்டு நாள் கழித்துத்தான் சாருக்கு ஒரு விஷயம் உறைத்தது. அவர் எழுதியது ஒன்று, ரோசரி படித்தது ஒன்று. 'தேவதர்ஷினி, அது கையா களிமண்ணா' என்று எழுதியிருந்தார். போனிலிருந்து வந்தது இப்படி: "தேவதர்ஷினி, கையைக் கொஞ்சம் தளர்த்திக்கம்மா. அவசரமில்ல." ஸ்ரீரங்கத்துப் பெண்ணான தேவதர்ஷினி, சார் திட்டினால் இரண்டு நாள் பந்து போட முடியாமல் தவிப்பவள், கையை உதறித் தளர்த்திக்கொண்டு வரிசையாக ஐந்து பந்தைப் போட்டாள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் சார் சிலேட்டில் எழுதினார்: 'நான் எழுதியதை எழுதியபடி படி.'

"படிச்சேனே" என்றாள் ரோசரி, முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே. "கேன்டீன்ல ஒருத்தன் 'என்னடி இது, சாம்பாரா கழுநீரா'ன்னு கேட்டான்னு வைங்க. நான் சமைக்கிறவகிட்டப் போயி 'உப்புக் கொறையுதாம்'னு தான் சொல்வேன். சேதி அதுதானே?"

சார் நீளமாக எழுதத் தொடங்கினார். சிலேட்டில் இடம் போதவில்லை.

போட்டி அந்த வருடம் சமயபுரத்தைத் தாண்டி நெடுஞ்சாலையோரத்தில் ஒரு கல்லூரியில். சனிக்கிழமை அரையிறுதி, ஞாயிற்றுக்கிழமை இறுதி. கனிஷ்காவும் பிரவீன்ராஜும் வீட்டுக்கே வந்து நின்றார்கள்.

"ஆன்ட்டி, நீங்க பெஞ்சுல உக்காந்தாதான் சரிப்படும். மேனேஜர்னு பேரு குடுத்துருவோம்."

"எனக்கு அதுல என்ன தெரியும்? பந்து உருண்டையா இருக்கும்னு தெரியும்."

"படிச்சுச் சொன்னாப் போதும் ஆன்ட்டி. அப்புறம்..." கனிஷ்கா சாரை ஓரக்கண்ணால் பார்த்தாள். "சார் வாயைத் தெறந்துட்டா யாரு மூடுறது?"

அந்தக் காரணம் ரோசரிக்குச் சரியாகப் பட்டது. ஷிஃப்ட் மாற்றிக்கொண்டாள்.

அரையிறுதி சுலபமாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைப் பூசை முடிந்து, ரோசரி கோயிலுக்குக் கட்டிய புடவையோடே கல்லூரி வேனில் ஏறினாள். மடியில் கைப்பை, பக்கத்தில் வெந்நீர்ப் பிளாஸ்க். சாலையோரம் முழுக்க மஞ்சள் புடவையில் சமயபுரத்துக்கு நடந்து போகிற கூட்டம். வேன் அதன் பின்னாலேயே ஊர்ந்தது. தேவதர்ஷினி கண்ணை மூடி, "ரங்கநாதா, ரங்கநாதா" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். சார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்று ஜெயித்தால் இருபது. பத்தொன்பது என்பது அவருக்குக் கொஞ்ச நாளாகவே காலில் குத்திய முள் மாதிரி இருந்தது.

எதிரணி தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்லூரி. எல்லாரும் உயரம். அவர்களில் ஒன்பதாம் எண் சட்டை போட்ட பெண், ஆட்டம் தொடங்கிய ஐந்து நிமிடத்தில் பத்துப் பாயின்ட் எடுத்தாள். நடுவர் பீமராவ். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாரும் அவரும் நண்பர்கள். ஆட்டம் முடிந்ததும் சேர்ந்து காபி குடிப்பார்கள். ஆட்டத்துக்குள்ளே, சார் கத்துகிற கத்தலுக்கு இருபது வருடமாக டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்து வந்தவரும் அவர்தான்.

"இன்னைக்கு மைதானம் அமைதியா இருக்கு" என்றார் பீமராவ், பெஞ்சைக் கடந்து போகும்போது. "எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

டைம் அவுட்டில் சார் எழுதினார், ரோசரி படித்தாள். 'கனிஷ்கா தூங்குறா' என்பது "கனிஷ்கா, ஒரு வாய்த் தண்ணி குடிச்சுட்டு ஓடும்மா" ஆயிற்று. சார் அவளை முறைத்தார். அவள் பிளாஸ்க்கைத் திறந்து அவருக்கும் வெந்நீர் ஊற்றினாள்.

மூன்றாம் பகுதியில், கனிஷ்கா நின்ற இடத்தில் நிற்க, எதிரணிப் பெண் வந்து மோதி விழுந்தாள். பீமராவ் ஃபவுலைக் கனிஷ்கா மேல் போட்டார். சார் துள்ளி எழுந்தார். வாயைத் திறந்தார். ரோசரி அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள். வாயை மூடிக்கொண்டு, சிலேட்டில் கிறுக்கி, பீமராவை நோக்கி உயர்த்திப் பிடித்தார்.

பீமராவ் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். "என்னம்மா எழுதியிருக்காரு?"

"'நல்ல தீர்ப்பு'ன்னு எழுதியிருக்காருங்க."

சாருக்கு வந்த கோபத்தில் சிலேட்டை அழித்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவது போல ஒவ்வொரு எழுத்தாக, பெரிது பெரிதாக எழுதினார்: 'கண் டாக்டரைப் பாரும்.'

இது எல்லாருக்கும் படிக்க முடிந்தது. பீமராவ் விசிலை ஊதி, இரண்டு கையையும் T போலச் சேர்த்தார். "இருபது வருஷத்துல பேசாமலே டெக்னிக்கல் வாங்கினது இன்னைக்குத்தான் சாமி. இன்னொண்ணு வாங்கினீங்கன்னா வெளிய போகணும், ஞாபகம் வச்சுக்கங்க."

கடைசிப் பகுதியில் நான்கு நிமிடம் மிச்சமிருந்தது. நாற்பத்தொன்பதுக்கு ஐம்பத்தைந்து, பின்தங்கி இருந்தார்கள். பந்து எதிரணிப் பெண்ணின் கையில் பட்டு வெளியே போனது. பீமராவ் அதையும் அவர்களுக்கே கொடுத்தார்.

சார் இந்த முறை எழுதவில்லை. படம் வரைந்தார். நன்றாகவே வரைந்தார். ஒரு மூக்குக் கண்ணாடி. இரண்டு பெரிய வட்டம், நடுவே பாலம், காதுக்கு இரண்டு கம்பி. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். மூன்று பக்கக் கேலரியும் சிரித்தது.

பீமராவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே விசில் ஊதினார். "வெளிய போங்க சாமி. சட்டம் சட்டம்தான்."

அந்த ஃபவுலுக்குக் கிடைத்த பந்தையும் எதிரணி கூடையில் போட்டது. ஏழு பாயின்ட் வித்தியாசம். சார் சிலேட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு, தோளில் துண்டோடு கேலரிக்குப் பின்னால் போனார். அங்கே சைக்கிள் ஸ்டாண்டும் ஒரு பாதாம் மரமும் இருந்தன. மைதானம் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

இருபத்தாறு வருடத்தில் ஒரு ஆட்டத்தை அவர் காதால் மட்டும் கேட்டதில்லை. பந்து சிமென்டில் அடிக்கிற சத்தம். செருப்பில்லாத குழந்தை ஓடுவது போல அது வேகமாக வந்தால் கனிஷ்கா. நிதானமாக வந்தால் எதிரணி. பிறகு டைம் அவுட் மணி. நிசப்தம். அந்த ஒரு நிமிடம் அவருக்குப் போகவே இல்லை. படிப்பதற்குச் சிலேட்டில் ஒன்றும் இல்லை. பிரவீன்ராஜ் பாட்டிலை நீட்டிக்கொண்டிருப்பான். பெண்கள் அழுதுகொண்டிருப்பார்கள். எல்லாம் தன்னால்தான். ஒரு கண்ணாடிப் படத்துக்காக.

ஆட்டம் மறுபடி தொடங்கியதும் உடைந்த குரல் ஒன்று கிளம்பியது.

"அப்பளம்! அப்பளம் போடு! அப்பளம்!"

பிரவீன்ராஜ். அந்தக் குரலை அவர் அதுவரை கேட்டதே இல்லை. ஏழு பாயின்ட் பின்தங்கி இருக்கும்போது ஜோன் போடுவானா ஒருவன்? ஆளுக்கு ஆள் ஏறிப் பிடிக்க வேண்டாமா? சார் கேலரிப் பக்கம் ஓடினார். கத்திவிட வேண்டும், ஒரே ஒரு வார்த்தை, அவனுக்குக் கேட்டால் போதும். தொண்டைவரை வந்துவிட்டது. துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு பாதாம் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். சைக்கிளை எடுக்க வந்த ஒருவர் பார்த்துவிட்டு, சைக்கிளை எடுக்காமலே போனார்.

கூட்டம் ஒருமுறை ஓ என்றது. இன்னொரு முறை. விசில். மறுபடி ஓ. "அப்பளம்" என்பது இப்போது கேலரியிலிருந்தும் வந்தது. கடைசியாக ஒரு பெரிய கூச்சல், விசில், இரண்டு பக்கத்து அலறலும் கலந்து எது யாருடையது என்று தெரியாதபடி. பிறகு மணி.

வாயில் துண்டோடு அப்படியே நின்றார். கேலரி மூலையைத் திரும்பி ரோசரி வந்தாள், கைப்பையும் பிளாஸ்க்குமாக.

"ஏங்க இப்படி வெயில்ல நிக்கிறீங்க? மூஞ்சி பாருங்க, தக்காளி மாதிரி. வாங்க, வேன்ல போய் உக்காருங்க."

சார் இரண்டு கையையும் விரித்து, கண்ணால் கேட்டார்.

"என்ன? ஓ, அதுவா. ஜெயிச்சுட்டாங்க. அறுபதுக்கு அம்பத்தொம்பது. அந்த ஸ்ரீரங்கத்துப் பொண்ணு கடைசிப் பந்தைப் போட்டா. மொதல்ல அந்தத் துண்டை வாயிலேர்ந்து எடுங்க."

பின்னாலேயே பிரவீன்ராஜ் ஓடி வந்து சாரின் காலைத் தொட்டான். ஏதோ சொல்ல வந்தான். அவனுக்கும் காற்றுதான் வந்தது.

பதினைந்தாம் நாள் புதன்கிழமை டாக்டர் சாரா பீவி மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார். "பரவாயில்லையே, சொன்னதைக் கேட்டிருக்கீங்க. ஆபரேஷன் வேணாம். ஆனா இன்னும் ஒரு மாசத்துக்கு ஒரு நாளைக்கு அஞ்சு நிமிஷம்தான் பேசலாம். மெதுவா."

"நன்றி டாக்டர்" என்றார் சார். யாரோ வேறு ஆள் பேசுவது போல இருந்தது.

"ரெண்டு செகண்டு போச்சு" என்றாள் ரோசரி.

அன்று மாலை அவர் மைதானத்துக்குப் போனார். பெண்கள் வட்டமாக நின்றார்கள். கனிஷ்கா போனில் நேரம் வைத்தாள்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றார் சார், மெதுவாக. "கடைசி டைம் அவுட்ல நான் என்னமோ எழுதி வச்சிருந்ததாவும் உங்க ஆன்ட்டி அதைப் படிச்சதாவும் பிரவீன் எழுதிக் காட்டினான். 'ஏழு பாயின்ட் பெரிசில்ல, பிரவீன் சொல்றதைக் கேளுங்க, ஜெயிச்சாலும் தோத்தாலும் உங்களை நெனச்சா எனக்குப் பெருமையா இருக்கு.' இதானே?"

"ஆமா சார்."

"அதை நான் எழுதல."

யாரும் ஆச்சரியப்படவில்லை. தேவதர்ஷினி காலால் தரையைக் கீறினாள்.

"தெரியும் சார்" என்றாள் கனிஷ்கா. "ஆன்ட்டி சிலேட்டை இந்தப் பக்கம் திருப்பித்தான் பிடிச்சிருந்தாங்க. கண்ணாடிப் படம் அப்படியே இருந்துச்சு."

"தெரிஞ்சுமா அழுதீங்க?"

"கேக்க நல்லாருந்துச்சு சார்."

சார் சாவிக்கொத்தில் இருந்த விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போனில் வினாடிகள் ஓடின.

"அது நெசந்தான்" என்றார் கடைசியில். "எழுதலையே தவிர நெசம். பிரவீன், இனிமே டைம் அவுட்ல பாதி நீ பேசு. தேவதர்ஷினி, அந்தக் கடைசிப் பந்தை நான் பாக்கல. இப்ப ஒரு தடவை போட்டுக் காட்டு."

அவள் போட்டாள். விழவில்லை. மறுபடி போட்டாள். மூன்றாவது முறை விழுந்தது. சார் கையைத் தட்டிவிட்டு, கனிஷ்காவிடமிருந்து போனை வாங்கி நிறுத்தினார்.

"இன்னும் ரெண்டரை நிமிஷம் இருக்கு சார்."

"அது வீட்டுக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

வீட்டில் ரோசரி மீன் குழம்புக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் மிளகாய் வாசனை. சார் எதிரே உட்கார்ந்து, போனில் இரண்டரை நிமிடம் வைத்து, இருவருக்கும் நடுவே வைத்தார்.

"நீ ஏன் இத்தனை வருஷமா ஒரு மேட்ச்சுக்கும் வரல?"

"கூப்பிட்டாத்தானே."

"உனக்கு இஷ்டமில்லன்னு நெனச்சேன்."

"கேட்டாத்தானே."

அவர் போனைப் பார்த்தார். இதற்கே அரை நிமிடம் போய்விட்டது.

"அன்னைக்கு அந்தப் புள்ளைங்ககிட்டச் சொன்னியே. அது... நான் சொல்லியிருக்கணும். இருபத்தாறு வருஷத்துல ஒருத்திகிட்டயும் சொன்னதில்ல. உன்கிட்டயும்..." தொண்டையைச் செருமினார். "உன்கிட்டயும் சொன்னதில்ல."

ரோசரி வெங்காயத்தைக் கீழே வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் உரித்த கையால் துடைத்ததில் இன்னும் அதிகமாக வந்தது.

"சரி சரி. இதுக்கெல்லாம் நேரத்தை வீணாக்காதீங்க."

"அடுத்த மாசம் மதுரையில மாநிலப் போட்டி. வர்றியா?"

"எத்தனை பேரு? சாப்பாட்டுக்கு யாரு பொறுப்பு?"

போன் மணி அடித்தது. சார் வாயை மூடிக்கொண்டார்.

"வர்றேன்" என்றாள் ரோசரி. "ஆனா ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். அந்த ஒம்பதாம் நம்பர் பொண்ணு இருக்கால்ல, அவ எப்பவும் எடது பக்கமாத்தான் உள்ள வர்றா. பத்துத் தடவை வந்தா ஒம்பது தடவை எடதுதான், நான் எண்ணினேன். நீங்க என்னடான்னா கனிஷ்காவை வலது பக்கம் கொண்டுபோய் நிறுத்தி வச்சிருந்தீங்க. இங்க பாருங்க."

உரித்த வெங்காயத்தில் ஐந்தைத் தட்டில் ஒரு பக்கமும், உரிக்காத ஐந்தை எதிர்ப்பக்கமும் வைத்தாள். கூடைக்கு ஒரு பூண்டு. ஒன்பதாம் எண்ணை இடது பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்ப் பூண்டில் முட்டிக் காட்டிவிட்டு, கனிஷ்கா என்ற வெங்காயத்தை அதற்கு முன்னால் இடது பக்கம் வைத்தாள்.

அற்புதசாமி சார் தலையை வேகமாக ஆட்டி மறுத்தார். கையை நீட்டி, கனிஷ்காவைத் தூக்கி வலது பக்கம் வைத்தார். ரோசரி அதை எடுத்து மறுபடி இடது பக்கமே வைத்தாள்.